வெளிச் சாப்பாடு கிடையாது

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை மார்செலின் கரி மூட்டையை வழக்கமான இடத்தில்தான் இறக்கினாள். வழக்கமான இடம் என்றால், அவள் தம்பி கசிமீர் நடத்தும் பாரின் வாசல் மூலை. 'அடுத்த சனிக்கிழமை இந்த மூலையில் உன் அடுப்பு இருக்காது' என்று போன வாரம் தெருவே பார்க்க அவன் சொன்ன அதே மூலை.

"வாய் இருக்கிறவன் சொல்லுவான். கால் இருக்கிறவ நிப்பா" என்று அவள் அப்போதே பதில் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகு வாரம் முழுக்கத் தூக்கம் சரியில்லை என்பது வேறு விஷயம்.

அபிஜான் நகரத்து யோப்பூகோன் பேட்டையில் வெளியே சாப்பிடக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாருக்குப் போய் நாற்காலியில் உட்கார வேண்டியது, பீரோ இஞ்சிச் சாறோ பார்க்காரனிடம் சொல்ல வேண்டியது. சாப்பாட்டை அவனிடம் கேட்கக் கூடாது. அதற்கு வாசலைச் சுற்றி அடுப்பு போட்டிருக்கும் பெண்களைக் கூப்பிட வேண்டும். குடிக்கிற வருமானம் அவனுக்கு, கடிக்கிற வருமானம் இவளுக்கு. ஒருவரால் மற்றவர் பிழைப்பார்கள்.

கசிமீரின் பாருக்குப் பெயர் 'கவலைக்கு லீவு'. அவன் அதைத் திறந்த புதிதில் காலி நாற்காலிகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மார்செலின் வாசலில் டிரம்மைப் பாதியாக அறுத்து அடுப்பு வைத்தாள். இஞ்சியும் பூண்டும் பச்சை மிளகாயும் தடவிய ஜிலேபி கெண்டையின் வாசனை பஸ் நிறுத்தம் வரை போய் ஆட்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்தது. அந்தப் புகை இப்போது அவனுக்குக் கண்ணை எரிக்கிறதாம்.

காரணம், உள்ளே புதுச் சமையலறை. பார் வாசலுக்குக் கண்ணாடிக் கதவு, சமையலுக்கு மின்சார அடுப்பு, புகையே கிடையாது. கசிமீரின் மனைவி பிரிஸ்கா மூன்று மாதமாக அதில்தான் சமைக்கிறாள். இன்று மதியம் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வரப்போகிறாள். எந்தப் பேட்டையில் எங்கே சாப்பிடலாம் என்று வாராவாரம் எழுதுகிறவள். அவள் ஒரு கடையின் பேரை எழுதிவிட்டால் பணக்காரர்கள் வசிக்கும் கோக்கொடியிலிருந்து கார் போட்டு வருவார்கள். அவள் கண்ணில் முதலில் படுவது துருப்பிடித்த டிரம்மாக இருக்கக் கூடாது. இதுதான் கசிமீரின் கவலை. லீவு மற்றவர்களுக்குத்தான்.

கரி கனிந்து சிவந்த நேரத்தில் ஆள் வந்தான். நீலச் சீருடை, தொப்பி, தள்ளுவண்டி. ஆள் என்றால் ஆள், கதவு அகலம்.

"நீங்கதான் மார்செலினா?"

"ஆமா. நீங்க?"

"செக்யூரிட்டி. இந்த அடுப்பைப் பின்னால சந்துல கொண்டுபோய் வைக்கச் சொன்னாரு முதலாளி."

"வைங்க. சூடா இருக்கு, பார்த்து."

அவன் பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டினான். மார்செலின் இடுப்பில் கை வைத்து நின்றாள். இவன் தூக்கினால் அவளால் தடுக்க முடியாது. சந்தில் போய் மீன் சுட்டால் பூனைதான் வாங்கித் தின்னும்.

"தூக்குறதுக்கு முன்னாடி பேரையாவது சொல்லுங்க. யாரு வந்து என் பிழைப்பைத் தூக்கினாங்கன்னு நாளைக்குச் சொல்லணும் இல்ல."

"கோந்தோ."

அவள் புருவம் உயர்ந்தது, மேற்குப் பக்கத்துப் பேர் அது. "எந்த ஊரு?"

"தனானே."

"அப்ப யாக்குபா."

"ஆமா. ஏன் கேக்குறீங்க?"

"நாங்க சொரோ குடும்பம். ஊரு கொரோகோ."

கோந்தோவின் கை பாதி வழியில் நின்றது. அவன் கையுறையைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு ஒவ்வொரு விரலாகக் கையுறையைக் கழற்றினான்.

"செனூஃபோவா?"

"செனூஃபோதான். எங்க வீட்டு அடிமை இத்தனை நாளா எங்கடா காணாம போயிருந்த?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கோந்தோவும் சிரித்துவிட்டான். "யாரு அடிமை? உங்க பாட்டன எங்க பாட்டன் ஒரு கூடைக் கிழங்குக்கு வாங்கினாரு. அவ்வளவு விலை எதுக்குக் குடுத்தேன்னு ஊர்ல இன்னைக்கும் அவரைத் திட்டுறாங்க."

"அது அழுகின கிழங்கு. அதை நல்ல கிழங்குன்னு நம்பித்தானே நீங்க தூக்கிட்டு வந்தீங்க."

யாக்குபா இனத்துக்கும் செனூஃபோ இனத்துக்கும் கேலி முறை. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம், கோபம் மட்டும் வரக் கூடாது. ஒருவருக்கு ஒருவர் கெடுதல் செய்யக் கூடாது. ஒருவர் முறை சொல்லி ஒன்றைக் கேட்டால் மற்றவர் மறுக்கக் கூடாது. மறுத்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. மறுத்துப் பார்க்கும் தைரியம் இதுவரை யாருக்கும் வந்ததில்லை.

ஆள் பிடிக்கும்போது கசிமீர் எடை தூக்குவானா என்று கேட்டான், காலையில் நேரத்துக்கு வருவானா என்று கேட்டான். எந்த ஊர்க்காரன் என்று கேட்கவில்லை. ஒரு செனூஃபோ அதைக் கேட்காமல் விடலாமா? நகரத்தில் பார் வைத்துவிட்டால் எல்லாம் மறந்துபோகும் போலிருக்கிறது.

சிரிப்புச் சத்தம் கேட்டுக் கசிமீர் வெளியே வந்தான். வெள்ளைச் சட்டை, இஸ்திரி கலையவில்லை.

"இன்னும் தூக்கலையா?"

"முடியாது முதலாளி. அக்கா செனூஃபோ."

"நானும்தான் செனூஃபோ. நான்தான் உன்னைத் தூக்கச் சொல்றேன்."

"நீங்க செனூஃபோன்னு இப்பத்தான் தெரியுது." கோந்தோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அடுப்புக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "அதனால உங்ககிட்ட நேராவே கேக்குறேன். இந்த அடுப்பு இங்கயே இருக்கட்டும்."

"இது அபிஜான்யா. இங்க வந்து கிராமத்துக் கதை பேசாத."

"சொரோ, நான் முறை சொல்லிக் கேட்டாச்சு."

டாக்சி ஓட்டும் ப்ரூ, தினமும் முதல் மீனை வாங்குகிறவர், வாய்க்குப் போன ஈர்க்குச்சியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். கசிமீர் எல்லாருடைய முகத்தையும் பார்த்தான். 'முடியாது' என்பது சின்ன வார்த்தைதான். அவன் தொண்டையில் அது மீன் முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

"சரி. இருந்து தொலையட்டும்" என்றான். மார்செலினுக்கு மூச்சு வந்தது. அவளுக்குத் தம்பியைத் தெரியும், அதனால் முழு மூச்சாக வரவில்லை.

நினைத்தது சரி. கசிமீர் உள்ளே திரும்பி, "பிரிஸ்கா, அந்த போர்டை எடுத்துட்டு வா" என்றான்.

பிரிஸ்கா எடுத்துவந்தாள். பெயிண்ட் இன்னும் சரியாகக் காயவில்லை. நாத்தனாரை நிமிர்ந்து பார்க்காமல் கணவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கசிமீர் அதை வாசல் தூணில் மாட்டினான். 'வெளிச் சாப்பாடு கிடையாது.'

"அடுப்பு உன்னுது அக்கா. வச்சுக்க. மேசை என்னுது. என் நாற்காலியில உக்காந்து உன் மீனை யாரும் திங்கக் கூடாது."

"தம்பி, இந்த நாற்காலிக்கெல்லாம் ஆள் சேர்த்துக் குடுத்தது எந்தப் புகை?"

"அது அப்ப."

அவன் போய்விட்டான். அந்த இரண்டு வார்த்தை மார்செலினைச் சுட்ட அளவுக்குக் கரி கூடச் சுட்டதில்லை. அழுகை வந்தது. புகை பட்டதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், புகையால் அன்றைக்கு அந்த ஒரு உபகாரம். பிறகு அழுகை போய்க் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்குக் கை சுறுசுறுப்பாகிவிடும்.

"ப்ரூ அண்ணே, உங்களுக்குக் கால் வலியா?"

"இல்லையே. ஏன்?"

"அப்ப நின்னு தின்னுங்க."

ப்ரூ யோசிக்கவே இல்லை. தட்டை வாங்கி டாக்சியின் முன்பக்கத்தில் வைத்தார். சுட்ட கெண்டை, மேலே வெங்காயமும் தக்காளியும் பொடியாக அரிந்தது, பக்கத்தில் மரவள்ளிக்கிழங்கைத் துருவி அவித்த, ஆவி பறக்கும் அத்தியேக்கே. கை கழுவி நின்றபடியே பிசைந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர் வந்தார். மதியத்துக்குள் நடைபாதை ஓரம், சுவர் மேல், சைக்கிள் சீட்டில், எங்கெங்கேயோ தட்டுகள் இருந்தன. குடிப்பதற்கு எதிர்ப் பெட்டிக்கடையில் தண்ணீர்ப் பாக்கெட் வாங்கிக்கொண்டார்கள். 'கவலைக்கு லீவு' நாற்காலிகள் எல்லாம் உண்மையிலேயே லீவில் இருந்தன.

அந்த நேரம் பார்த்துப் பத்திரிகைப் பெண் வந்து இறங்கினாள். மெலானி என்று பெயர். இருபத்தைந்து வயதுதான் இருக்கும், சடையில் சிவப்பு நூல் பின்னியிருந்தாள். கசிமீர் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, கூட்டத்தைத் தன் முதுகால் மறைத்தபடி அவளை உள்ளே அழைத்துப் போனான்.

அதைப் பார்த்து மார்செலின் விசிறியை இன்னும் வேகமாக வீசினாள். புகை கண்ணாடிக் கதவை நோக்கிப் போயிற்று. காற்றுக்கும் அவளுக்கும் என்ன பேச்சோ தெரியாது.

கோந்தோ இதற்குள் ஒரு மீனைத் தலை வரைக்கும் உறிஞ்சி முடித்திருந்தான்.

"எசமானி, உன்னால எனக்கு இன்னைக்கு வேலை போச்சு."

"தின்ன மீனுக்குத் தட்டைக் கழுவு. வேலை வந்துரும்."

"கழுவுறேன். ஆனா உன்கிட்டயும் ஒண்ணு கேக்கணும். முறை சொல்லித்தான் கேக்குறேன்."

விசிறி நின்றது. காலையில் அவளுக்குக் காவலாக நின்ற முறை, இப்போது அவள் பக்கமே திரும்பி நின்றது.

"கேளு."

"உள்ள போ. தம்பி மேசையில உக்காந்து, அவன் பொண்டாட்டி சமைச்சதை ஒரு தட்டு தின்னுட்டு வா."

"அந்த வாசலை மிதிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"தெரியும். ப்ரூ சொன்னாரு."

"தெரிஞ்சுமா கேக்குற?"

"அவன்கிட்ட கேட்டேன், பல்லைக் கடிச்சுக்கிட்டாவது குடுத்தான். ஒரு பக்கமே வாங்கிட்டுப் போனா நான் முறைக்காரன் இல்ல, உன் அடியாள் ஆயிடுவேன். நாளைக்கு இந்தத் தெருவுல என் பேச்சு செல்லாது. உன் அடுப்பும் நிக்காது."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இடுக்கியை அவன் கையில் திணித்தாள்.

"கருக்கிறாத. கருக்கினா முறையும் கிடையாது ஒண்ணும் கிடையாது."

முன்துணியைக் கழற்றவில்லை. கரி படிந்த கையோடு, வியர்வை முகத்தோடு, நேராகக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று கசிமீர் நினைத்துவிட்டான். மெலானி முன்னால் ஒரு வார்த்தை சத்தமாக வந்தால் போதும், மூன்று மாத உழைப்பு பாழ்.

மார்செலின் சத்தம் போடவில்லை. மெலானிக்குப் பக்கத்து மேசையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சாப்பிட வந்திருக்கேன். மீன் இருக்கா?"

சமையலறைக் கதவோரம் நின்ற பிரிஸ்காதான், "இருக்கு அண்ணி" என்றாள். தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். கை கழுவப் பாத்திரமும் தண்ணீரும் கொண்டுவந்து, அவளே ஊற்றினாள்.

மீன் வாழையிலையில் மடித்திருந்தது. மார்செலின் பிரித்தாள். முள்கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டு விரலால் பிட்டாள். நன்றாக இருக்காது என்று முடிவு செய்துகொண்டுதான் வாயில் போட்டாள். புகை படாத மீனுக்கு என்ன ருசி இருக்கப்போகிறது?

இருந்தது. சதை உதிராமல், ஈரம் காயாமல், பதமாக வெந்திருந்தது. அவளுடையதைப் போல இல்லை. ஆனாலும் நன்றாக இருந்தது. இன்னொரு வாய் போட்டாள், ஏதாவது குறை கிடைக்குமா என்று. அதுவும் நன்றாகவே இருந்தது. தம்பி பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே அவள் இல்லாமல் அவனால் கடை நடத்த முடியும்.

மெலானி இந்தப் பக்கம் திரும்பினாள். கரி படிந்த முன்துணியைப் பார்த்தாளே தவிர, யார் என்று அவளுக்குத் தெரியாது. பேட்டையில் வேலை பார்க்கிற யாரோ ஒரு பெண் என்று நினைத்திருப்பாள்.

"அத்தை, ஒண்ணு கேக்கலாமா? நான் பத்திரிகைக்கு எழுதுறேன். நீங்க இந்தப் பக்கத்து ஆளுதானே? இங்க மீன் எப்படி இருக்கு? இந்தத் தெருக்காரங்க சொல்றதைத்தான் நான் எப்பவும் எழுதுவேன்."

கசிமீர் தூணைப் பிடித்துக்கொண்டான். பிரிஸ்கா கையில் தண்ணீர்க் குவளை அப்படியே நின்றது.

ஒரு வார்த்தை போதும். 'சப்புன்னு இருக்கு' என்று சொன்னால் முடிந்தது. கார்கள் வராது. சமையலறை மூடும், போர்டு இறங்கும், மூலை மறுபடி அவளுடையதாகும். அந்த வார்த்தை மார்செலினின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது என்பதை மறைப்பதற்கில்லை.

ஆனால் பொய் சொன்னால், இந்த மீனைக் கண்டு பயந்தேன் என்று தனக்குத் தானே ஒத்துக்கொண்டதாகிவிடும். அவள் யாருக்குப் பயந்தாள், எப்போது பயந்தாள்?

"நல்லா இருக்கு" என்றாள். சத்தமாக, வெளியே நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "நல்லா இருக்குன்னு எழுதிக்க. சமைச்சவ பேரு பிரிஸ்கா. என் தம்பி பொண்டாட்டி."

மெலானி நிமிர்ந்தாள். "தம்பியா?"

"ஆமா, தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான் பாரு, அவன்தான். இன்னொண்ணும் எழுதிக்க. வெளியில ஒரு டிரம் அடுப்பு இருக்கு, அது என்னுது. இங்க வர்றவங்க இதையும் தின்னட்டும், அதையும் தின்னட்டும். எது பிடிச்சிருக்குன்னு அவங்க நாக்கு சொல்லட்டும். போர்டு சொல்ல வேண்டாம்."

பிரிஸ்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று தோள் சொன்னது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் சமையலை ஒருவரும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னதில்லை, கசிமீர் உட்பட. மார்செலின் அதைக் கவனித்தாள். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மீனை முள் தெரியச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி, மற்ற வாடிக்கையாளர்களைப் போலவே விலை என்னவோ அதை வைத்துவிட்டு எழுந்தாள்.

"அக்கா, காசு வேணாம்" என்றான் கசிமீர் மெதுவாக.

"நான் தின்னேன், குடுத்தேன். இப்ப உன் முறை. வெளிய வா."

"எதுக்கு?"

"இந்த மூணு மாசத்துல என் மீனைத் தொட்டியா நீ? தெருவுல எல்லார் முன்னாலயும் நின்னு ஒரு தட்டு தின்னு. தின்னுட்டு எப்படி இருக்குன்னு சொல்லு. நான் சொன்ன மாதிரி சொல்லு. அவ்வளவு தைரியம் இருக்கா?"

மெலானி பேனாவை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கசிமீருக்கு வேறு வழியில்லை. வெள்ளைச் சட்டையோடு வெளியே வந்தான். கோந்தோ எதையும் கருக்கியிருக்கவில்லை. நடு அடுப்பிலிருந்து ஒரு கெண்டையை எடுத்துத் தட்டில் வைத்து, வெங்காயத்தைத் தூவி, இரண்டு கையாலும் நீட்டினான். கூட்டம் வழி விட்டது.

கசிமீர் நின்றபடியே பிட்டு வாயில் போட்டான். மென்றான். எல்லார் கண்ணும் அவன் தாடை மேல். அவன் மார்செலினைப் பார்க்காமல் மீனைப் பார்த்தான்.

"உப்புக் கம்மி" என்றான்.

ப்ரூவிடமிருந்து ஒரு சிரிப்பு வெடிக்கப் பார்த்தது, கையால் பொத்திக்கொண்டார். கசிமீர் அடுத்த துண்டைப் பிட்டுக்கொண்டே குரலைத் தாழ்த்தினான். "திங்கக்கிழமை டைல்ஸ் போட ஆளு வருது அக்கா. வாசல் முழுக்க. இந்த மூலையும் சேர்த்து. முன்பணம் குடுத்தவரு வேற ஆளு, இனி இது என் கையில மட்டும் இல்ல. அவரு செனூஃபோ இல்ல, கோந்தோ அவருகிட்ட முறை சொல்ல முடியாது."

"யாரு அவரு?"

கசிமீரின் விரல் மறுபடி மீனுக்குப் போயிற்று. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பிரிஸ்கா அவர்களையே பார்த்தபடி நின்றாள். அவளுக்கு அந்தப் பெயர் தெரியும் என்பது அவள் நின்ற விதத்திலேயே மார்செலினுக்குப் புரிந்தது.

"வரட்டும். திங்கக்கிழமையும் நான் இங்கதான் நிப்பேன்" என்றாள். பிறகு இடுக்கியைக் கோந்தோவிடமிருந்து வாங்கிக்கொண்டு, தம்பியின் தட்டைக் காட்டினாள். "உப்புக் கம்மின்னு சொன்னல்ல. தட்டைக் கீழ வச்சிட்டுப் போ."

கசிமீர் தட்டை வைக்கவில்லை.